நீரின் தரச் சிக்கலுக்கு ஏற்ற கணினி மாதிரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாதிரியைத் தேடுவதற்கு முன், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு குறையும் என்பது மட்டுமே கேள்வியானால், அமெரிக்காவின் ஒகையோ ஆற்று ஆய்விலிருந்து 1925-இல் ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் வெளியிட்ட சமன்பாடே முதல் மதிப்பீட்டுக்குப் போதும்; விரிதாளிலேயே அதைக் கணக்கிட்டுவிடலாம். பாசியும் ஊட்டச்சத்துகளும் சேர்ந்தால், நீரோட்டம் ஏறத்தாழ மாறாதிருக்கும் ஆற்றுக்குக் குவால்2கே (QUAL2K) என்னும் கணினி மாதிரி பொருந்தும். ஆனால் கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் அடுக்குகளாகப் பிரியும் நீர்த்தேக்கத்துக்கு அது உதவாது. நீளத்தோடு ஆழத்தையும் கணக்கில் கொள்ளும் சி.இ.-குவால்-டபிள்யு2 (CE-QUAL-W2) போன்ற மாதிரி வேண்டும். வயல்களிலிருந்து மழை அடித்துவரும் நைட்ரேட்டுக்கு, ஆற்றுக்கு நீர் வரும் நிலப்பரப்பையே கணக்கிடும் ஸ்வாட் (SWAT) மாதிரி.

அடுத்து, கையிலுள்ள அளவீடுகளை எண்ணிப் பாருங்கள். மாதம் ஒருமுறை எடுத்த அளவீடுகளைக் கொண்டு மாதிரியிலுள்ள இருபது வினைவேக எண்களை (நீரில் நடக்கும் மாற்றங்களின் வேகத்தைக் குறிப்பவை) திருத்திக்கொண்டே போனால், மாதிரியின் வரைகோடு அளவீடுகளோடு அழகாகப் பொருந்தும், காரணம் மட்டும் தவறாக இருக்கும். பலரும் விழும் குழி இதுதான். ஒரு பருவத்தின் தரவால் மாதிரியைச் சரிசெய்து, வேறொரு பருவத்தின் தரவால் சோதியுங்கள். அந்தத் தரவில் அதிகாலை அளவீடுகளும் இருக்கட்டும், ஏனெனில் பாசி மிகுந்த நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் மிகவும் தாழும்.