எல்லைக் கல்லா, ஈமக் கல்லா?

ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் பலமனேர், குப்பம், நகரி பக்கம் கரம்பில் பாறாங்கற்கள் வட்டமாகக் கிடந்தால் 'அது எங்க ஊர் எல்லை' என்பார் ஒருவர், 'பாண்டவர் வீடு' என்பார் இன்னொருவர். தெலுங்கு பேசுபவர் 'பாண்டவ குள்ளு' என்பார். எல்லோர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தோருக்காகப் பெரிய கற்களால் அமைத்த பழைய நினைவிடங்கள், உழவுக்கு உதவாத இடத்தில்தான் அதிகம் தப்பியிருக்கின்றன. ஊர் நிலம் முடிவதும் பெரும்பாலும் அங்கேதான். பின்னால் வந்தவர்கள் ஏற்கெனவே நின்ற கல்லையே எல்லையாகச் சொல்லிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் சாக்சன் காலத்து நிலச் சாசனங்களும் எல்லையை வரிசையாகச் சொல்லிப் போகையில் 'புறச்சமயத்தார் புதைகுழி'களை அடையாளம் காட்டுகின்றன. நம் சோழர் செப்பேடுகளில் பிடி சூழ்ந்து (பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி), கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறித்த மாதிரிதான்.

முதலில் கல்லைப் பாருங்கள். சர்வே கல் செதுக்கிய கல்; தனியாக நிற்கும். கல்வட்டத்தில் உருண்டைப் பாறைகள் பாதி புதைந்து, வளைவாக வரிசை கட்டி, உள்ளே சிறு கற்கள் மேடிட்டுக் கிடக்கும். நடுவில் பலகைக் கல்லின் விளிம்பு நான்கு பக்கமும் தெரிந்தால் அது கற்பதுக்கை, பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்த ஈமக்குழி. ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இருந்தால் சந்தேகமே வேண்டாம். உழவர் பொறுக்கிப் போட்ட குவியலில் கற்கள் கைக்கு அடங்கும் அளவில் கலைந்து கிடக்கும், வட்டம் இருக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேட்டைச் சுற்றி மழை அரித்த மண்ணில், உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்து, கீழ்ப்பகுதி சிவந்த ஓடு கிடந்தால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். தோண்ட வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அளக்க இரண்டு பேர், 30 மீட்டர் நாடா, திசைகாட்டி, ஒரு மீட்டர் கோல் போதும். வட்டம் முழுதாக இருந்தால் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என இரண்டு விட்டம் எடுங்கள். வடக்கிலிருந்து வலமாகக் கற்களுக்கு எண் கொடுங்கள். எண் தாளில்தான், கல்லில் பெயின்ட் அடிக்கக் கூடாது. பாதி கற்களை யாராவது வேலிக்கு எடுத்துப் போயிருந்தால், மிச்ச வளைவின் இரு முனைக்கும் கயிறு கட்டி, கயிற்றின் நடுவிலிருந்து வளைவுவரை உள்ள தூரத்தை அளவெடுங்கள். கயிற்றின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, அந்தத் தூரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, தூரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். கயிறு 6 மீட்டர், தூரம் 1 மீட்டர் என்றால் 36ஐ 8ஆல் வகுத்து 4.5, அதோடு 0.5; ஆரம் 5 மீட்டர். கோலை நிறுத்திப் படம் எடுக்க காலை, மாலைச் சாய்வெயில்தான் நல்லது. உச்சி வெயிலில் புதைந்த கல் எதுவும் தெரியாது. குழியின் மேலே மூடிய மூடுகல்லில் மஞ்சள் குங்குமம் இருந்தால் கழுவாதீர்கள், அது எல்லையம்மன் இடம்.

போனில் வரும் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். எல்லைத் தகராறுக்கு அது உதவாது. பக்கத்தில் உள்ள இரண்டு சர்வே கற்களிலிருந்து நாடா பிடித்து எடுத்த தூரம்தான் நிற்கும். பிறகு அந்தச் சர்வே எண்ணுக்கான புல அளவை வரைபடத்தோடு (எஃப்.எம்.பி.) ஒப்பிடுங்கள். பழைய படங்களில் அளவு லிங்க் என்ற பழைய சங்கிலி அளவில் இருக்கும்: 100 லிங்க் என்றால் 20.12 மீட்டர். இதை அடி என்று எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டு, கல் நகர்ந்துவிட்டது என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அங்குள்ள நிலத்துக்குப் பழைய பதிவு தெலுங்கிலும் இருக்கக்கூடும். தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு பக்கமும் கேளுங்கள்.

கல்லைக் காக்கக் கேட்டுக் கொடுக்கும் மனுவில் சர்வே எண், இரண்டு தூரங்கள், விட்டம், படங்கள், இவ்வளவும் சேர்த்து வருவாய் அலுவலகத்துக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜேசிபி வரும் தேதி தெரிந்தால் அதற்கு முன்பே.