கல்லூரி வளாகத்தில் நல்ல கச்சேரி, அதுவும் இலவசமாக

கச்சேரி கேட்க ஆசை, டிக்கெட் வாங்கத்தான் யோசனை என்றால் ஸ்பிக் மேகே நிகழ்ச்சிகளைக் கவனியுங்கள். 1977-ல் டெல்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய அமைப்பு இது. பெரிய கலைஞர்களைக் கல்லூரிகளுக்கே அழைத்து வருகிறார்கள். கட்டணம் கிடையாது. பல நிகழ்ச்சிகள் செயல்விளக்கத்தோடு நடப்பதால் ராகம், தாளம் தெரியாதவர்களும் தைரியமாக உட்காரலாம். சந்தேகமிருந்தால் கலைஞரிடமே கேட்கலாம். சபாவில் இந்த வாய்ப்பு அபூர்வம்.

அரை மணி நேரம் முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில், ரவையைப் பிசைந்து ஒட்டுவதையும், வாரில் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதையும் கண்ணெதிரே பார்க்கலாம். எனக்குக் கச்சேரிக்குச் சமமாகப் பிடித்த நேரம் அது.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் வசதி. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் டிசம்பர் கடைசியை ஒட்டி ஆண்டுக் கலைவிழா நடக்கும். கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தின் பாணியில் கட்டிய அந்த அரங்கில் ஒரு நாட்டிய நாடகமாவது பார்த்துவிடுங்கள். அப்புறம் ஜனவரியில் சென்னை ஐஐடி மாணவர்களின் கலைவிழாவான சாரங். இரவு நிகழ்ச்சிகள் அங்குள்ள திறந்தவெளி அரங்கில் நடக்கும். கூட்டம் அலைமோதும், அதனால் பதிவை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் காட்ட ஒரு அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.