தாளில் ஒரு கட்டடம், தரையில் வேறொரு கட்டடம்

நாகர்கோவிலில் வீடு, கடை, லாட்ஜ், மண்டபம் என்று பிளான் வரைந்து அனுமதிக்கு அனுப்பும் தொழிலில் எனக்கு 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அப்ரூவல் எத்தனை நாளில் கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?" என்றுதான். "தீப்பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பக்க இடைவெளி, படிக்கட்டின் அகலம், மாடிகளின் எண்ணிக்கை என்று பிளானில் கேட்கப்படும் பெரும்பாலான விஷயங்கள் அந்தக் கேள்விக்கான பதில்கள்தான்.

அனுமதி என்பது ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்குத் தரப்படுகிறது. இத்தனை மாடி, இத்தனை படிக்கட்டு, இன்ன பயன்பாடு, சுற்றிலும் இவ்வளவு காலியிடம் என்று அதில் இருக்கும். கட்டி முடித்த பிறகு இதில் ஒன்றை மாற்றினாலும், பீரோவில் பத்திரமாக இருக்கிற அந்தத் தாள் உங்கள் கட்டடத்தைப் பற்றியது அல்ல. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

அதற்கும் முன்னால், மண்ணிலேயே தொடங்கும் தவறு ஒன்று உண்டு. இடத்தை வாங்கிவிட்டு அப்புறம் அனுமதியைப் பற்றி யோசிப்பது. நம் கன்னியாகுமரி மாவட்டம் சிறியது, ஆனால் கட்டுப்பாடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையடிவாரத்தில் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. எல்லோரும் 'ஹாக்கா' என்று சொல்வது அதைத்தான். கடற்கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். நாஞ்சில் நாட்டு வயல் என்றால் நஞ்சை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற தனி அனுமதி. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனையா என்று பார்த்து வரன்முறைப்படுத்த வேண்டியிருக்கும். "பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறாரே" என்பது எந்த அலுவலகத்திலும் எடுபடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்திலும் உள்ளாட்சியிலும் விசாரித்துவிடுங்கள். ஒரு நாள் அலைச்சல்தான்.

அடுத்தது சுயசான்று. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த இந்தத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம், சாதாரண மக்களின் அலைச்சல் நிறையக் குறைந்திருக்கிறது. அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்பே அனுமதி கிடைத்துவிடுவதால், எழுதிக் கொடுத்த ஒவ்வொரு அளவுக்கும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. இதில் வீடு என்று அனுமதி வாங்கி, வார்ப்பு முடிந்ததும் கீழே இரண்டு ஷட்டர் மாட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் மேலே நான்கு அறை எடுத்து சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கன்னியாகுமரியைச் சுற்றி இது நிறைய நடக்கிறது.

ஒரு வீட்டில் தூங்குகிறவர்களுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும். இருட்டில்கூட வாசலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சூரிய உதயம் பார்க்க ராத்திரி பதினோரு மணிக்கு வந்து படுத்தவருக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்றே தெரியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சாதாரண குடியிருப்புக்கு 1 மீட்டர் அகலப் படிக்கட்டை ஏற்றுக்கொண்டு, ஓட்டலுக்கும் பள்ளிக்கும் 1.5 மீட்டர் கேட்பது அதனால்தான். வீட்டை லாட்ஜாக மாற்றும்போது பெயர்ப்பலகையோடு சேர்ந்து இந்தக் கணக்கும் மாறுகிறது. பயன்பாட்டு மாற்றத்துக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

இனி படிக்கட்டைப் பற்றி. இதை நிதானமாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு லாட்ஜ் உரிமையாளர் கூடுதல் அறைக்குப் பிளான் வேண்டும் என்று அழைத்திருந்தார். அனுமதித்த வரைபடத்தில் இரண்டு படிக்கட்டு. முன்படி பளபளவென்று இருந்தது. பின்படியைப் பார்க்க வேண்டும் என்றேன். சாவி தேடக் கால் மணி நேரம் ஆனது. திறந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்ஷீட் மூட்டை, பழைய மெத்தை, உடைந்த நாற்காலி. கீழே பின்வாசலுக்கு வெளியே இரும்பு கிரில், அதற்கு வேறொரு பூட்டு. "திருட்டுப் பயம் சாரே, அதான் பூட்டுனேன். இத்தனை வருசமா ஒண்ணும் வரல்லியே" என்றார். சபரிமலை சீசனில் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். புகை மேலே போகும், மேலே போக அதற்குக் கிடைக்கும் முதல் வழி படிக்கட்டு. நம்மூர்க் கட்டடங்களில் அந்தப் படிக்கட்டின் அடியில்தான் மீட்டர் போர்டும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கும். பைக்கையும் அங்கேயே நிறுத்துவோம், இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை அங்கேயே சார்ஜ் போடுகிறோம். தீப்பிடிக்க வாய்ப்புள்ள எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, தப்பிப்பதற்கான ஒரே வழியின் அடியில் வைத்திருக்கிறோம். வரைபடத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். பைக்கை வெளியே நிறுத்துங்கள். மீட்டர் போர்டை வெளிச்சுவருக்கு மாற்ற ஆகும் செலவு பெரிதல்ல.

லிஃப்ட் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டார்கள். தீ விபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற பலகை இல்லாத மாடிக் கட்டடங்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்கள் கூடும் இடங்களில் வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவின் மேல் நூறு பேர் நெருக்கினால் அதைத் திறக்கவே முடியாது. மண்டபம் கட்டுகிற பலர் அழகுக்காகத் தேக்குக் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டிவிடுகிறார்கள்.

மொட்டை மாடிக்கு வருவோம். கட்டடம் அனுமதிப்படி முடிந்தது என்று தரும் நிறைவுச் சான்றை வாங்கும் வரை மேலே ஒன்றும் இருக்காது. வாங்கிய அடுத்த மாதம் இரும்புக் கம்பம் நட்டு ஷீட் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடம், விருந்து ஹால், வேலையாட்கள் தங்கும் இடம் எல்லாம் அங்கே வந்துவிடும். சிலர் அழகுக்கு ஓலை வேய்கிறார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் மாடியில் போட்ட ஓலைப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். அங்கேயும் ஓலைக் கூரைதான். அந்த இரண்டு நாளையும் நினைவு வைத்திருக்கிற நம் தலைமுறை மறுபடியும் மாடியில் ஓலை வேய்வதைப் பார்க்கும்போது மனசு கலங்குகிறது. நம் மாவட்டத்துக்குக் காற்றும் உண்டு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக் காற்றில் மாடியில் விழுந்த ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீயணைப்புத் துறை சார்ந்து மக்களிடம் இருக்கும் குழப்பம் இரண்டு. கட்டடத்தின் உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி அது உயர்மாடிக் கட்டடம். அதற்கான நிபந்தனைகள் கடுமை. அதனால் 18 மீட்டரோடு நிறுத்திவிட்டு, "இனி தீயணைப்புத் துறைக்கு இங்கே வேலையில்லை" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பள்ளி, மருத்துவமனை, மண்டபம் போன்றவற்றுக்கு உயரம் குறைவாக இருந்தாலும் சான்று தேவை. இன்னொன்று, கட்டுவதற்கு முன் வாங்கும் தடையின்மைச் சான்றையே கடைசி வரை செல்லும் என்று நம்புவது. அது வரைபடத்தைப் பார்த்துத் தருவது. கட்டி முடித்துப் பயன்பாட்டுக்கு வந்தபின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985-ன் கீழ் வாங்கும் உரிமம் வேறு. அதைக் காலக்கெடு பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். பள்ளி, விடுதி நடத்துகிறவர்களுக்கு இதோடு 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி தாசில்தார் தரும் கட்டட உரிமமும் சேரும். மூன்று தாளுக்கும் மூன்று தேதி. ஒரே காலண்டரில் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் தீயணைப்பான்களைக் கடன் வாங்கி மாட்டுவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மாட்டியவருக்கும் அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று தெரியாது. முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, மறுபடி நிரப்ப வேண்டிய தேதி என்ன என்று பார்க்க அரை நிமிடம் போதும். சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எண்ணெய் சிதறித் தீ பரவும். அதற்கென்றே கே வகைத் தீயணைப்பான் இருக்கிறது. இதை முதலாளி தெரிந்து வைத்திருந்தால் போதாது, மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் தெரிய வேண்டும்.

ஓட்டல்காரர்கள் கவனிக்காத கணக்கு ஒன்று: சமையல் எரிவாயு மொத்தம் 100 கிலோவைத் தாண்டிச் சேமித்தால் வெடிபொருள் துறையின் உரிமம் வேண்டும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது சிலிண்டர் உள்ளே வந்தால் 114. சீசனில் தட்டுப்பாடு வரும் என்று பத்துப் பன்னிரண்டு வாங்கி அடுக்கிவிடுகிறார்கள், அதுவும் தரைக்குக் கீழே உள்ள அறையில். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும். சிலிண்டரைக் காற்றோட்டமான, தரைமட்டத்துக்கு மேலே உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும்.

திருவிழாவில் வெடி வெடிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரல் 10-ல் கொல்லம் மாவட்டம் புற்றிங்கல் கோவிலில் நூறு பேருக்கு மேல் இறந்த வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. நம் ஊர்க் கோவில், சர்ச் கமிட்டிகளில் இருப்பவர்கள் இதை ஒவ்வொரு வருடமும் ஒருமுறை பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுகிறவர்கள், கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி, எதிரெதிராகக் கடை கூடாது, எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆன கொட்டகை என்ற நிபந்தனைகளை உரிமம் வாங்கும்போது படிக்கிறார்கள். கடை போடும்போது அதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? பலரும் செய்கிற தவறு, வாங்காமல் திருப்பி அனுப்புவது, அல்லது வாங்கி மேசையில் போட்டுவிட்டுத் தெரிந்தவர் மூலம் பேசிப் பார்ப்பது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வேலையை நிறுத்தவும் கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொல்லிவிட்டது: நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக்கூடாது, அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் தரக்கூடாது, வங்கிகளும் சான்றைப் பார்த்த பிறகே கடன் தர வேண்டும். நோட்டீஸில் எழுதியிருக்கும் கெடுவுக்குள், எது சரி, எதைச் சரிசெய்கிறோம், எத்தனை நாளில் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். சரிசெய்ததைப் புகைப்படத்தோடு அனுப்புங்கள். நேர்மையாக எழுதிய பதிலுக்கு அவகாசம் கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த லாட்ஜ்காரருக்கும் பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. பழைய வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மேலிருந்து கீழே நடந்தோம். துணி வைக்க வேறு இடமே இல்லை என்றார். கடைசியில் தரைத்தளத்தில் ஒரு அறையை விட்டுக்கொடுத்தார். சீசனில் அந்த வாடகை போகிறதே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் உண்டு. மூட்டைகள் இப்போது அந்த அறையில் இருக்கின்றன. பின்வாசலின் வெளி கிரிலைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்து தள்ளினால் சாவி இல்லாமல் திறக்கும் கதவு போட்டிருக்கிறார்.