கொக்கனி வாய்க்கு ஒற்றை முள் ஆகாது

போன கோடையில் வாஷிங்டன் மாநிலத்து ஷெலான் ஏரியில் ஒரே காலையில் எட்டு கொக்கனி மீன் தூண்டிலில் மாட்டியது. படகுக்குள் வந்தது இரண்டு. மற்றதெல்லாம் வலைக்கு ஒரு முழம் முன்னால் உருண்டு புரண்டு கழன்றுபோயின.

கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன்தான் இது. வாய் நனைந்த காகிதம் மாதிரி கிழியும். நானோ விறைப்பான தூண்டில் ராடு, இறுக்கிய டிராக் (தூண்டில் நரம்பு ஓடுவதைத் தடுக்கும் ரீல் பிரேக்), ஒற்றை முள்! தப்பு மீனிடம் இல்லை.

இப்போது 4ஆம் நம்பர் ஆக்டோபஸ் வகைத் தூண்டில் முள் இரண்டை, ஒன்றரை அங்குலம் விட்டு, ஒரே நரம்பில் ஸ்னெல் முடிச்சால் (முள்ளின் தண்டைச் சுற்றிப் போடும் முடிச்சு) கட்டுகிறேன். ஒன்று பிய்த்துக்கொண்டாலும் மற்றது தாடையிலோ கன்னத்திலோ பிடித்திருக்கும். முள்முனையை நகத்தில் வைத்து மெல்ல இழுப்பேன். வழுக்கினால் அந்த முள் குப்பைக்கு. டாட்ஜரிலிருந்து (மீனைக் கவர முன்னால் ஆடிவரும் மின்னும் தகடு) முள் வரையான நரம்பு, அதாவது லீடர், 10 அங்குலம். முள்ளில் வெள்ளை மக்காச்சோளம் ஒரு மணி போதும், நிறையக் குத்தினால் முனை மூடிக்கொள்ளும்.

ராடையும் நன்றாக வளைகிற மாதிரி மாற்றிவிட்டேன் (வீட்டில் விலையைச் சொல்லவில்லை). டிராக்கைக் கையால் இழுத்தாலே நரம்பு ஓடுமளவு தளர்த்தி வைப்பேன். மீன் மாட்டியதும் படகை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் நரம்பு தொய்யும், முள் கழலும். கடைசி நொடியில் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல் வலைக்குள் சறுக்கிவிடுகிறேன்.

அடுத்த முறை ஏழு மாட்டியது, ஐந்து வந்தது.