வேலூர்ப் பக்கத்து த்ராஷ் மெட்டல் குழு ஒன்றின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி

1990-களில் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் த்ராஷ் (அதிவேகமான மெட்டல் இசை) வாசித்த ஒரு குழுவின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் பேட்டியில் தொடங்குகிறார்கள். பேட்டி காத்திருக்கட்டும். பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் டெமோ கேசட் (குழு தன் பாட்டை மாதிரிக்காகப் பதிவு செய்தது) இன்னும் எத்தனை அக்னி நட்சத்திரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆல்பம் போடாத குழுவுக்கு அந்த ஒரு டேப்தான் மூலம். அது போய்விட்டால் நீங்கள் எழுதுவது எல்லாம் கேள்விப்பட்ட கதை. முதலில் டேப், பிறகு காகிதமும் போட்டோவும், கடைசியாக ஆட்கள்.

கேசட்டை ஓட்டுவதற்கு முன்

கைக்கு வந்த ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் உள் அட்டையையும் போட்டோ எடுங்கள். கேசட்டின் பின் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் டேப் அழியாது.

ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தனி உறையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். நல்ல கேசட் ஓட்டும் டெக்கில் அதைப் போட்டால் மற்றவற்றுக்கும் தொற்றும். சுத்தம் செய்யும்போது மாஸ்க் கட்டாயம்.

நடுவில் டேப்பை ஹெட்டோடு (டேப்பைப் படிக்கும் காந்த முனை) அழுத்திப் பிடிக்கும் சின்ன பஞ்சுப் பட்டை விழுந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாக, வந்து வந்து போகும். ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் வேலை சுலபம்: அதே மாதிரித் திருகாணி போட்ட இன்னொரு கேசட்டின் கூட்டுக்குள் சுருளை அப்படியே மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூட்டை ஓரத்தில் மெல்லப் பிளக்க வேண்டும். அறுந்த டேப்பைச் செலோ டேப்பால் ஒட்டவே கூடாது. வெயிலில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப் மட்டும் போடுங்கள்.

பல வருடம் ஓடாத டேப்பை நேராக பிளேயில் போடாதீர்கள். ஒருமுறை கடைசிவரை ஃபார்வர்ட், பிறகு ரீவைண்ட். இறுகிய சுருள் தளர்ந்துவிடும்.

ஹெட்டின் சாய்வு

பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகும் கிட்டார் போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்டால், டேப் கெட்டுப்போனதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அசிமத் கோளாறு, அதாவது ஹெட்டின் சாய்வு பொருந்தாதது. அன்று பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்தது, உங்கள் டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹெட்டின் இரு பக்கமும் திருகாணி இருக்கும். அதில் ஸ்பிரிங் போட்டதைத்தான் திருக வேண்டும். முதலில் அது நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பை ஓடவிட்டு, சத்தத்தை மோனோவாக்கி (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) ஹெட்போனில் கேளுங்கள். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் இம்மி இம்மியாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்காது. ஹை-ஹேட்டை (டிரம்மில் காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) கவனியுங்கள். 'ச்ச்ச்' என்று மழுங்கிக் கிடந்தது ஓரிடத்தில் 'டிஸ் டிஸ்' என்று அடி அடியாகப் பிரியும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் வேகமான டபுள் பாஸும் (இரு காலாலும் அடிக்கும் பாஸ் டிரம்) பாம் மியூட்டும் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி மீட்டுவது) வெறும் இரைச்சலாகத் தேங்காமல் தனித்தனியாகக் கேட்பது இந்த ஒரு திருகாணியால்தான்.

வேகம்

கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். ஏறத்தாழ 6 சதவீதம் பிசகினால் சுருதி அரை ஸ்வரம் மாறிவிடும். த்ராஷில் இது பெரிய சிக்கல், ஏனென்றால் கிட்டாரை ஈ-யில் வைப்பவர்களும் உண்டு, அரை ஸ்வரம் இறக்கி வைப்பவர்களும் உண்டு. திறந்த ஆறாம் கம்பி ஈ-யில் 82.4 ஹெர்ட்ஸ், அரை இறக்கினால் 77.8. டேப் தளர்ந்து ஓடுகிறதா, கிட்டாரே இறக்கி வைத்ததா என்பதை காதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. கிட்டாரிஸ்டைக் கேட்க வேண்டும். டெமோவின் தொடக்கத்தில் யாரிடமாவது இரவல் வாங்கிய காஸியோ கீபோர்டில் ஓர் இன்ட்ரோ இருந்தால் அதிர்ஷ்டம்: பிட்ச் பட்டனை யாரும் தொடவில்லை என்றால் அதன் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும், அதை வைத்தே டேப்பைச் சரிசெய்யலாம்.

பின்னணியில் கேட்கும் கரண்ட் ஹம்மை 50 ஹெர்ட்ஸாக வைத்துச் சரிசெய்யும் வழி ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பழைய டேப்புக்கு அதை நம்ப வேண்டாம். 2003-க்கு முன்பு தென்னக மின்தொகுப்பில் அலைவெண் 48 பக்கம் வரை இறங்கிக் கிடந்ததுண்டு. 50 என்று நினைத்து இழுத்தால் பாட்டு ஓடிப்போய்விடும்.

ஒரு பக்கம் ஆமை வேகத்தில் உறுமி, மறுபக்கம் தலைகீழாக ஓடினால் பயப்படாதீர்கள். அது நான்கு டிராக் ரெக்கார்டரில் பதிவான மாஸ்டராக இருக்கலாம். அந்த இயந்திரங்கள் கேசட்டின் நான்கு தடங்களையும் ஒரே திசையில் எழுதும். பல மாடல்கள் இரட்டை வேகத்தில். அதே வகை இயந்திரம் கிடைக்கும்வரை பத்திரமாக வையுங்கள். உங்களுக்குக் கிடைத்ததிலேயே விலைமதிப்பற்றது அதுதான்.

கணினிக்கு மாற்றுதல்

டெக்கின் லைன்-அவுட்டில் இருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக எடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டை பெரும்பாலும் மோனோ, சத்தமும் உடைந்துவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிவானதாக அட்டையில் குறிப்பு இல்லாவிட்டால் டால்பியை அணைத்துவிடுங்கள். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஆசையும் வேண்டாம்: சிம்பலும் டிஸ்டார்ஷனின் மேல் முனையும் டேப் இரைச்சல் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, இரைச்சலோடு அவையும் போய்விடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, வேண்டுமானால் நகலில் விளையாடுங்கள்.

தேதி கண்டுபிடித்தல்

உள் அட்டையில் தொடர்பு முகவரி இருந்தால் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருந்தால் 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்த பிறகு அச்சானது. வெறும் 'வட ஆற்காடு' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழக்கத்தில் பல வருடம் அப்படியே எழுதினார்கள். 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று போட்ட அட்டை 2019-க்குப் பிந்தைய மறுபதிப்பு. 0416-க்குப் பின் ஆறு இலக்கத் தொலைபேசி எண் இருந்தால் 2000-களின் தொடக்கத்துக்கு முந்தியது. பிறகுதான் முன்னால் 2 சேர்ந்து ஏழு இலக்கம் ஆனது.

செட் லிஸ்ட், அதாவது கச்சேரியில் வாசித்த பாட்டுகளின் பட்டியல், இன்னொரு சாட்சி. ஒரு கவர் பாட்டு (வேறு குழுவின் பாட்டை வாசிப்பது) அதன் ஆல்பத்துக்கு முன்னால் வந்திருக்க முடியாது. மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பம் வந்தது 1991 ஆகஸ்ட். அதிலிருந்து பாட்டு இருந்தால் கச்சேரி அதற்குப் பிறகு. போட்டோவில் காலடியில் பாஸ் எம்டி-2 மெட்டல் சோன் பெடல் தெரிந்தாலும் 1991-க்கு முன்னால் போகாது. போட்டோ மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்த தேதியை மட்டும் தனியாக நம்பாதீர்கள். கேமராவில் தேதி சரியாக வைக்காதவர்கள் ஏராளம். பிரிண்டை 600 டிபிஐ-யிலும், கையால் வரைந்த லோகோவை 1200-லும் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள்.

ஆட்களிடம் பேசுதல்

இப்போதுதான் பேட்டி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுபவரின் கதையே எல்லோர் கதையும் ஆகிவிடும். டிரம்மர் தலையாட்டிவிட்டுப் போவார். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் உத்தேசமாக ஒன்று சொல்வார்கள். ஊருக்கே நினைவிருக்கும் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள்: "அண்ணா, கோட்டையில இருந்து சுரங்கம் தோண்டித் தப்பிச்சாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" விடுதலைப் புலிக் கைதிகள் தப்பிய அந்தச் சம்பவம் 1995 ஆகஸ்ட். "ஸ்ரீபுரம் பொற்கோயில் திறந்தாச்சா அப்போ?" அது 2007 ஆகஸ்ட். டிஜிட்டல் செய்த டெமோவைப் போட்டுக் காட்டியபடி பேசுங்கள். ரிஃப் காதில் விழுந்ததும் கை தானாக வாசிக்கும். எந்த வீட்டு மாடியில் ஜாமிங், யாருடைய கிவ்சன் கிட்டார், எந்தக் கல்லூரி விழாவில் பாதியில் மைக்கைப் பிடுங்கினார்கள் என்று அதன் பின்னாலேயே வரும்.

எழுதுதல்

லைன்-அப்பை (குழுவில் யார் யார் என்பதை) வருடத்தோடு கட்டாதீர்கள், பதிவோடு கட்டுங்கள்: இந்த டெமோவில் யார் வாசித்தார், எங்கே பதிவானது, எத்தனை பிரதி, எத்தனை நிமிடம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். குழுவை விட்டு விலகியவர் சொல்வதை அவர் விலகிய காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது.

பாட்டைப் பொதுவில் போடுவதற்கு முன் எல்லோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை முதலில் அதைத் தயாரித்தவருக்கு, பாட்டின் உரிமை இயற்றியவருக்கு. ஆகவே ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்தது யார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியான பதிவுக்கு இந்த உரிமை 60 வருடம்.

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று வெளியூரில் இருக்கட்டும். அசல் கேசட்டை யாரிடம் வாங்கினீர்களோ அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள், பாட்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்றையும் சேர்த்து. பரணில் போட வேண்டாம், வெயில் படாத பீரோவில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.