பெரிய டவுன்பைப்புக்கு இடம் பண்ணும்போது செய்யக் கூடாதவை

குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் லோடு அடிக்கிற டீசல் வண்டிக்காரர்கள் பலரும் டர்போவுக்குக் (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) கீழே பெரிய டவுன்பைப், அதாவது டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் குழாய், போட்டுத் தரச் சொல்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. லோடோடு ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்கும், கறுப்புப் புகை தள்ளும். டர்போவைத் தாண்டிய புகை தடையில்லாமல் வெளியே போனால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும், எஞ்சின் சூடும் கொஞ்சம் தணியும். குழாய் கிடைத்துவிடும். அதற்கு இடம் பண்ணுகிறேன் என்றுதான் வண்டியைக் கெடுக்கிறார்கள், தொழிலுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பையனும் அதே இடத்தில்தான் கெடுக்கிறான். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதே, துருப்பிடித்த ஸ்டட்டை ஆயில் விடாமல் திருகாதே என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்ததும் கிரைண்டர்

எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள பயர்வாலில் இரண்டு தகடு சேரும் வெல்டிங் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். குழாய் இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அதை வெட்டி எறியாதீர்கள். வெட்டினால் பற்றவைத்த இடம் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே இறங்கும், குன்னூரில் ஐப்பசி மழை வந்ததும் வெட்டிய ஓரம் துருவாக உதிரும். கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு பக்கமாக மடக்கிப் படிய வையுங்கள், மேலே பிரைமர் அடியுங்கள். தட்டுவதற்கு முன்னால் கேபினுக்குள் தரை விரிப்பைத் தூக்கி, அந்தத் தகட்டுக்குப் பின்னால் வயரிங் போகிறதா, பெடல் பிராக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, எப்போதும் வண்டியைத்தான் வெட்ட வேண்டும் என்றில்லை, குழாயையும் தட்டலாம். பழைய 2 இஞ்ச் குழாயின் உள் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ., 3 இஞ்ச் குழாய்க்குச் சுமார் 45. அந்த 3 இஞ்ச் குழாயை இடிக்கிற இடத்தில் மட்டும் 5 செ.மீ. தடிமனுக்குச் சீராக அமுக்கினாலும் 40 மிஞ்சும். பழைய குழாயைப்போல இரண்டு மடங்கு. இதைச் சொன்னால் நம்பாமல் பாடியை வெட்டுகிறார்கள்.

ஹீட் ஷீல்டைக் கழற்றி ஓரமாகப் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். புதுக் குழாய் உள்ளே போகவில்லை, குழாயின் சூடு பக்கத்தில் படாமல் தடுக்கும் ஷீல்டைக் கழற்றினால் போகிறது, சரி, ஷீல்டு எதற்கு, வெறும் தகடுதானே என்று மூலையில் போட்டுவிட்டு, பக்கத்தில் போகிற கிளச் ஹோஸையோ பிரேக் பைப்பையோ கொஞ்சம் தள்ளிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுகிறார்கள். வண்டி கிளம்பும், சமவெளியில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அப்படி ஒரு பிக்கப் வந்தது. மேட்டுப்பாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றி பர்லியார் வழியாக ஏறி, குன்னூரில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார் டிரைவர். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் கிளச் பெடல் அப்படியே தரையோடு படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே சரியானது. வேறொரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள், அடுத்த லோடில் அதே கதை. கீழ் சிலிண்டரையும் மாற்றினார்கள், அதற்கும் அடங்கவில்லை. எங்களிடம் வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். டவுன்பைப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி கிளச் ஹோஸ், குழாயைப் பார்த்த பக்கம் ரப்பர் பொரிந்து, நகத்தால் கீறினால் தூளாக வந்தது. மறுபக்கம் புதுசு மாதிரியே இருந்தது. ஷீல்டு எங்கே என்று கேட்டேன். வீட்டு ஷெட்டில் கிடக்கிறது என்றார் ஓனர். இரண்டு சிலிண்டர் காசும், ஓடாத நாட்களின் வாடகையும் ஒரு தகட்டுக்காகப் போயிருக்கிறது.

விஷயம் இதுதான்: லோடோடு ஏறும்போது டர்போவைத் தாண்டிய புகை 400 டிகிரியைத் தாண்டும். ஓடும்வரை காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும், நிறுத்தியதும் அது அங்கேயே நின்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் வேகவைக்கும். கிளச், பிரேக் லைனில் ஊற்றுகிற டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் குடித்துவிட்டால் 140-க்கு இறங்கிவிடும். எந்நேரமும் மூடுபனி இருக்கும் ஊரில் அது ஈரம் குடிக்காமல் இருக்காது. லைனுக்குள் ஆவி வந்தால் பெடலில் அழுத்தம் நிற்காது. அது கிளச் ஆனதால் அந்த டிரைவர் தப்பித்தார். பிரேக் லைனாக இருந்து, டீ குடித்த கையோடு மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓனரிடம் கேட்டேன், அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

ஷீல்டு இடிக்கிறதென்றால் அதைப் புதுக் குழாயின் வளைவுக்குத் தட்டி மறுபடி மாட்டுங்கள், முடியாவிட்டால் அலுமினியத் தகட்டில் புதிதாகச் செய்யுங்கள். குழாய்க்கும் ஷீல்டுக்கும் நடுவே ஒன்றரை செ.மீ. காற்று இருக்க வேண்டும், ஷீல்டுக்கும் லைனுக்கும் நடுவிலும் அதேபோல. லைனை இரும்பு கிளாம்பு போட்டுச் சேசிஸோடு பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் டை உருகிவிடும். குழாயில் சூடு தடுக்கும் நாடா சுற்றினால் போதாதா என்பார்கள், அந்த நாடா மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சாதா இரும்புக் குழாயை அரித்துவிடும்.

நிற்கிற வண்டியில் இடைவெளி பார்ப்பது

ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் 5 மி.மீ. நீளும், ஸ்டெயின்லெஸ் என்றால் கிட்டத்தட்ட 7. அது போதாதென்று எஞ்சின் தான் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டில் சாயும். முன் கியரில் ஒரு பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸில் மறுபக்கம், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் டங்கென்று சத்தம் வருகிறது என்று வருகிற வண்டியெல்லாம் இந்த வகைதான். கடப்பாரை வைத்து எஞ்சினை இரண்டு பக்கமும் நெம்பிப் பாருங்கள். பெல்லோஸ் (அசைவுக்கு வளைந்து கொடுக்கும் மடிப்புத் துண்டு) இல்லாத குழாயை வாங்கவே வாங்காதீர்கள், அசைவெல்லாம் குழாயை டர்போவோடு போல்ட் போட்டுச் சேர்க்கும் பிளாஞ்சில் போய் உட்காரும்.

மவுண்டுக்கு அடியில் வாஷர் வைத்து எஞ்சினைத் தூக்குவது

ரேடியேட்டர் ஃபேன் உரசும், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட் கோணம் மாறும். வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பிரேக்கை எடுத்துவிடுவது

புகையை அடைத்து இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மலை வண்டியில் அதைக் கழற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பி.எஸ். 6 வண்டியில் கை வைப்பது

பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் டர்போவுக்குக் கீழே இருப்பது புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு. அதை வெட்டிவிட்டு வெறும் குழாய் போடுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். நாங்கள் செய்வதில்லை.

மாட்டியதோடு விட்டுவிடுவது

முதல் லோடு ஏறி இறங்கியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆறவிட்டு பிளாஞ்ச் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள், பிறகு டார்ச் அடித்துக் குழாய் முழுக்கப் பாருங்கள். எங்கேயாவது ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே இடிக்கிறது, கழற்றி மறுபடி தட்டுங்கள்.