137 எப்படி 129 ஆகிறது? கணிப்பானில் போட்டுப் பார்ப்போம்

மின்காந்த விசையின் வலிமையை ஆல்ஃபா என்ற எண்ணால் குறிப்பார்கள். அதன் மதிப்பு 137.04இல் ஒரு பங்கு. ஆனால், இது குறைந்த ஆற்றலுக்குத்தான் பொருந்தும். ஆற்றல் ஏறினால் விசையும் வலுக்கும். எவ்வளவு வலுக்கும் என்பதில் பாதிக்கு மேல், மடக்கை படித்த பிளஸ் டூ மாணவரே கணக்கிட்டுவிடலாம்.

படி 1: முதலில் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தில் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் இணைகளாகக் கணநேரம் தோன்றி மறைகின்றன. ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி இவை திரைபோல் அமைந்து அதன் ஒரு பகுதியை மறைக்கின்றன. அதிக ஆற்றலுடன் மோதும் துகள் திரைக்குள் ஆழமாகப் புகுவதால் கூடுதல் மின்னூட்டத்தை உணர்கிறது.

படி 2: ஓர் ஆற்றலைத் தேர்ந்தெடுங்கள். இசட் போசான் என்ற கனமான துகளின் நிறைக்கு ஈடான 91,190 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை (துகள் இயற்பியலில் ஆற்றலின் அலகு) எடுத்துக்கொள்வோம்.

படி 3: அதை, அதே அலகில் எலெக்ட்ரானின் நிறையான 0.511ஆல் வகுங்கள். வரும் எண்ணின் இயல் மடக்கை 12.09. அதிலிருந்து 0.83ஐக் கழித்து, 0.2122ஆல் பெருக்குங்கள். விடை 2.39. (0.83 என்பது 5/6, 0.2122 என்பது 2ஐ 3πஆல் வகுத்தால் வருவது. ஆற்றல் நிறையைவிட மிக அதிகமாக இருக்கும்போதே இந்தச் சூத்திரம் செல்லும்.)

படி 4: எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான், டௌ என்ற துகள்களின் இணைகளும் திரையில் உண்டு. மியூவானுக்கு 105.66, டௌவுக்கு 1,777 என்று நிறையை மாற்றி அதையே செய்யுங்கள். 1.26, 0.66 கிடைக்கும். மூன்றின் கூட்டுத்தொகை 4.31, 137.04இலிருந்து கழித்தால் 132.73.

படி 5: புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றின் உள்ளே இருக்கும் குவார்க்குகளும் திரையில் பங்கேற்கின்றன. இங்கே நம் சூத்திரம் கைகொடுக்காது. குறைந்த ஆற்றலில் வலுவிசை அவற்றை இறுகப் பிணைத்திருப்பதால் தனிக் குவார்க்கின் நிறையை அப்படியே போட்டுக் கணக்கிட முடியாது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி, குவார்க்குகளால் ஆன ஹேட்ரான் என்ற துகள்களாக மாறும் வீதத்தை அளந்து, அந்தத் தரவிலிருந்தே பெறுகிறார்கள். அந்தப் பங்கு சுமார் 3.8. காகிதக் கணக்கு நின்றுபோகும் இடத்தைச் சோதனைத் தரவு நிரப்புவதுதான் இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆக, அதையும் கழித்தால் விடை ஏறத்தாழ 128.9. அதாவது, ஆல்ஃபா இப்போது 128.9இல் ஒரு பங்கு. விசை 6 விழுக்காடு வலுத்திருக்கிறது.

படி 6: சோதனையோடு ஒப்பிடுங்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லெப் முடுக்கி 1989 முதல் 2000 வரை இயங்கியது. அங்கே எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடித்ததை ஆராய்ந்தபோது இந்த ஏற்றம் தெரிந்தது. அந்தச் சிதறலை முதலில் கணக்கிட்டவர் ஹோமி பாபா; கட்டுரை வெளியான ஆண்டு 1936. இன்றும் அதற்குப் பாபா சிதறல் என்றே பெயர்.